வாரிவிட்ட தோட்டம்

ஊரில் அவருக்குச் சீப்பு என்று பேர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது பேங்க் புத்தகத்துக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது, யாரும் எழுப்புவதில்லை. தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அப்படிப்பட்ட ஆளுக்கு எப்படி ஐயா சீப்பு என்று பேர் வந்தது என்று புது ஆட்கள் கேட்பார்கள். பஸ் நிற்கிற இடத்தில் இருப்பவர்கள் மேட்டு ரோட்டைக் கைகாட்டுவார்கள்.

"போய்ப் பாருங்க. தலையில வார ஒண்ணும் மிச்சமில்ல, அதான் தோட்டத்தை வாருறார்."

போய்ப் பார்த்தால் உண்மைதான். ரோட்டை ஒட்டி ஆரம்பித்துக் கீழே இறங்குகிற ஒன்றேகால் ஏக்கர் சரிவு. சரிவுக்குக் குறுக்கே இருபத்தாறு வரிசை திராட்சை. கல்தூண், கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடி. அது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது வரிசைக்கு நடுவில் இருக்கிற தரை. ஒரு புல் இருக்காது. ஒரு காய்ந்த இலை இருக்காது. இரும்புப் பல் வைத்த வாரி ஒன்று வைத்திருந்தார். அதைத் தினமும் காலையில் இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வருவார். ஏன் பின்பக்கமாக? முன்பக்கமாக நடந்தால் சொந்தக் கால் தடம் தரையில் பதிந்துவிடுமே!

இந்தப் பைத்தியம் பிறவியில் வந்ததில்லை. இளவட்டமாக இருந்தபோது பதினோரு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிக்கிற வேலை. மூன்றாம் மாடி முழுக்க அவர் கையில். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் மேலே இருந்த ஆள் திட்டமாட்டார். விரிப்பை உருவித் தரையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். பதினோரு வருஷம் இப்படி வாழ்ந்தவனுக்கு, உலகத்தில் எங்கே சுருக்கம் இருந்தாலும் இழுத்து நேராக்கத்தான் தன்னைப் படைத்திருக்கிறது என்று ஆகிவிடாதா? சேர்த்ததைப் போட்டு இந்தச் சரிவை வாங்கிய அன்று, அவர் கண்ணுக்கு மண் தெரியவில்லை. கசங்கிய விரிப்பு ஒன்றேகால் ஏக்கருக்குத் தெரிந்தது.

வீட்டிலும் அதே கதை. வாசலில் செருப்பு சிப்பாய் மாதிரி நிற்கும். அடுப்படி அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் முகத்தை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கும். அவர் மனைவி கெட்டிக்காரி. கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு நிகர் ஆள் கிடையாது. புருஷனோடு சண்டை என்றால் வாயைத் திறக்கமாட்டாள். ஒரே ஒரு டப்பாவை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். அன்றைக்கு மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

தோட்டத்துக்குக் கீழே மனைவியின் தம்பி நிலம். மைத்துனன் இதற்கு நேர் எதிர். இடுப்பு உயரத்துக்குப் புல் கிடக்கும், அதில் தொலைந்துபோன மண்வெட்டியை ஆறு மாதம் கழித்து எடுப்பான். ஆனால் அவன் மண் மட்டும் வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போனது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. மேலே வாரி வழித்த வெறுந்தரையில் மழை விழும். பிடித்து நிறுத்த ஒரு வேர் கிடையாது. மேல்மண் அப்படியே கரைந்து, குழம்பாகி, வேலியைத் தாண்டி மைத்துனன் நிலத்தில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

மழை விட்ட மறுநாள் அவன் வேலியோரம் வந்து நிற்பான்.

"அத்தான், நேத்து அனுப்பின மண்ணு வந்து சேர்ந்துச்சு. போன தடவை கொஞ்சம் கல்லு ஜாஸ்தி. இந்தத் தடவை நல்லா சலிச்சு அனுப்பியிருக்கீங்க."

"போடா போக்கத்தவனே! உன் காட்டுல பாம்பு குடியிருக்கு, அதைப் போய்ப் பாரு."

"பாம்புக்கும் தெரியுது அத்தான், மண்ணு எங்க இருக்குன்னு."

ரோட்டை ஒட்டிய மேல் ஒன்பது வரிசைதான் முதலில் நட்டது. நாள் முழுக்க வெயில் படும் இடம். பழம் கல்கண்டு. விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கேதான். இப்போது அந்த ஒன்பது வரிசையிலும் கொடிகள் கோழிக்கால் மாதிரி வேரை வெளியே காட்டிக்கொண்டு நின்றன. கீழே பாறை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அந்த ஒன்பது போனால் மிச்சப் பதினேழை வைத்துக்கொண்டு வீடு ஓடாது. ஐம்பத்தைந்து வயதில் மறுபடி ஏதாவது ஹோட்டலைத் தேடிப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு விரிப்பு விரிக்க வேண்டியதுதான்.

மனைவி ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"நீங்க வாருறீங்க. மழை வந்து வாரிக்கிட்டுப் போகுது. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துதான் இந்தத் தோட்டத்தை முடிக்கப் போறீங்க."

அந்த 'வாரி' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே போய் ஏற்கெனவே நேராக இருந்த செருப்பை நேராக்கினார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திராட்சை விவசாயிகள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் பூச்சிமருந்துக் கடைக்காரர். களைக்கொல்லியும் அவர் கடையில்தான் கிடைக்கும். மேடைக்குப் பின்னால் 'மண்ணைக் காப்போம்' என்று பெரிய பேனர். கீழே, காசு கொடுத்தவரை மறக்கக் கூடாதல்லவா, களைக்கொல்லி டப்பா ஒன்றின் படம்.

புதிதாக வந்த விவசாய ஆபீசரம்மா பேசினார். வரிசைக்கு நடுவில் தட்டைப்பயறு, கொள்ளு, சணப்பை இப்படி ஏதாவது விதையுங்கள், அது மண்ணுக்குப் போர்வை. மழைத்துளி நேராக மண்ணை அறையாது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்ததும் முழங்கால் உயரத்தில் அறுத்து அங்கேயே போடுங்கள், உரமாகிவிடும். கொடியின் அடியில் மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். அதற்குப் பேர் மூடுபயிர்.

"மூடா? யாருக்கு மூடு வரணும்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், பிறகு தலைவர் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"இந்த வருஷம் சங்கத்தோட கேடயம் நல்லா மூடுபயிர் போட்ட தோட்டத்துக்குத்தான்," என்றார் ஆபீசரம்மா.

போன ஏழு வருஷமும் அந்தக் கேடயம் 'சுத்தமான தோட்டம்' என்று சீப்புக்குத்தான் வந்தது. ஏழும் கூடத்துச் சுவரில் வரிசையாக, நூல் பிடித்து மாட்டியிருக்கிறது. அவர் முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் ஒரு மூட்டை தட்டைப்பயறு விதை அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தது.

"இது என்ன?"

"போர்வை," என்றாள்.

விதைத்தார். வேறு வழி? மேலே வேர் வெளியே நிற்கிறது. ஆனால் ஊரில் மற்றவர்கள் கையால் வீசி விதைப்பதை இவர் கயிறு கட்டி, முழம் போட்டு, விதைக்கு விதை அளந்து ஊன்றினார். பயறுக்கு அதெல்லாம் தெரியுமா? முளைத்து, நாலு இலை விட்டதும் தன் இஷ்டத்துக்குப் படர்ந்தது. இடப்பக்கம் போகச் சொன்னால் வலப்பக்கம் போனது. தினமும் காலையில் குனிந்து, கொழுந்துகளைப் பிடித்து வரிசைக்குள் திருப்பி விடுவார். சாயங்காலம் அவை வேறு எங்கோ தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

"பள்ளிக்கூட வாத்தியார் வேலையா பாக்குறீங்க அத்தான்?" என்றான் மைத்துனன் வேலியில் சாய்ந்துகொண்டு. "வரிசையில நில்லு, வரிசையில நில்லுன்னு!"

இரண்டு மாதம். தரை முழுக்கப் பச்சை. நடுவில் ஒரு நடுத்தர மழை பெய்தது. மறுநாள் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆட்காட்டி விரலை மண்ணில் குத்தினாள். இரண்டாவது கணு வரைக்கும் உள்ளே போனது.

"வாங்க, நீங்களும் குத்துங்க."

குத்தினார். போனது. முன்பெல்லாம் அந்த இடத்தில் குத்தினால் நகம் பெயரும். இலையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே தெரிந்த வேர்களின் மேல் மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சந்தோஷம் வந்தது. கூடவே, விரலில் மண் ஒட்டிவிட்டதே என்ற எரிச்சலும் வந்தது. வேட்டியில் துடைத்தால் வேட்டி கெடும் என்று இலையில் துடைத்தார்.

பிறகுதான் அந்த நாள் வந்தது.

தலைவர் போன் செய்தார். "நாளைக்கு மத்தியானம் கேடயக் கமிட்டி வருது. நானும் வர்றேன், ஆபீசரம்மாவும் வர்றாங்க. தோட்டத்தைத் தயாரா வையுங்க."

தயாராக வையுங்கள்! பதினோரு வருஷம் ஹோட்டலில் கேட்ட வார்த்தை. ஆள் வருகிறது, அறையைத் தயாராக வை. அந்த வார்த்தை காதில் விழுந்தால் அவர் கை தானாக அசையும்.

மறுநாள் காலை மனைவிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு வாரமாகத் துடித்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணையும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"நான் எதுக்குத் தொடப் போறேன்?" என்றார். அப்போது நிஜமாகத்தான் சொன்னார்.

ரோட்டோரத்தில் நின்று தோட்டத்தைப் பார்த்தார். கமிட்டி இங்கேதானே வந்து இறங்கும்? முதல் வரிசை ஓரத்தில் நாலு கொழுந்து பாதைக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் காலில் படும். ஓரம் மட்டும். களைக்கொத்தை எடுத்து ஓரத்தைச் செதுக்கினார். இப்போது ஓரம் நேராக இருந்தது, உள்ளே கோணலாகத் தெரிந்தது. உள்ளே கொஞ்சம் செதுக்கினார்.

மீசையைச் சரிசெய்யக் கண்ணாடி முன்னால் நிற்கிறவன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடப்பக்கம் கொஞ்சம் வெட்டுவான். வலப்பக்கம் பெரிதாகத் தெரியும். வலப்பக்கம் வெட்டுவான். மறுபடி இடப்பக்கம். கடைசியில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பெண்டாட்டி "யாருங்க நீங்க?" என்பாள். அதே கதைதான். முதல் வரிசை மொட்டையானதும் இரண்டாவது பரட்டையாகத் தெரிந்தது. இரண்டாவது முடிந்ததும் மூன்றாவது. மூடுபயிரைப் பார்க்க வருகிற கமிட்டிக்காக மூடுபயிரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தடவைகூட அந்த மண்டையில் உறைக்கவில்லை. கை வேலை செய்யும்போது மண்டைக்கு லீவு. ஒன்பதாவது வரிசை முடிந்தபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். வெட்டிய பச்சையையெல்லாம் மூலையில் சதுரமாகக் குவித்திருந்தார். தரையை வாரியால் மேலிருந்து கீழாக இழுத்தும் விட்டிருந்தார். பின்பக்கமாக நடந்துதான்.

பைக் சத்தம் கேட்டது.

மனைவி இறங்கினாள். ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி தோட்டத்தைப் பார்த்தாள்.

"ம்ம்ம்! ம்ம்... ம்ம்ம்ம்!"

"என்னடா சொல்றா?" என்றார் சீப்பு மைத்துனனிடம்.

"நல்ல வார்த்தையா இருந்தா நான் சொல்லிடுவேன் அத்தான். இது எதுவும் சபையில சொல்ற மாதிரி இல்ல."

"ம்ம்ம்ம்!" அவள் ஒன்பது விரலைக் காட்டினாள். பிறகு வானத்தைக் காட்டினாள். பிறகு கீழே தம்பியின் நிலத்தைக் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் படுக்கை விரிப்பு உதறுவது மாதிரி உதறிக் காட்டினாள்.

"ஒம்போது வரிசையும் மழையில என் நிலத்துக்கு வந்துடும், நீங்க திரும்ப ஹோட்டலுக்குப் போங்கன்னு சொல்றா," என்றான் மைத்துனன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். மேற்கே பார்த்ததும் குரல் மாறிவிட்டது. அங்கே வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

அப்போதுதான் சீப்புக்கு உறைத்தது. களைக்கொத்து கையிலிருந்து நழுவியது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சாமானை அவர் கோணலாகப் போட்டார்.

கமிட்டி கார் வந்து நின்றது. தலைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூவோடு இறங்கினார். மேல் ஒன்பது வரிசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதுதாங்க தோட்டம்! கண்ணாடி மாதிரி! சாப்பாடு போட்டு வழிச்சுச் சாப்பிடலாம் போல!" கீழே நடந்து போனார். பத்தாவது வரிசையில் பச்சை கணுக்கால் வரை இருந்தது. முகம் சுளித்தார். "இங்க கொஞ்சம் கவனிக்காம விட்டுட்டீங்க போல. உடம்பு சரியில்லையா?"

ஆபீசரம்மா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கன்னம் வீங்கிய அம்மாவைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"சார், மேல மூடுபயிரே இல்லையே."

தலைவர் கையிலிருந்த தாளை நீட்டினார். "அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையேம்மா. 'களை: இல்லை, கொஞ்சம், அதிகம்' மூணு கட்டம்தான். அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்து அடிச்சு வெச்சாச்சு, வீணாக்கவா முடியும்? மேல 'இல்லை', முழு மார்க். கீழ 'அதிகம்', சைபர்."

"அது களை இல்ல சார், விதைச்சது!"

"விதைச்ச களைங்கிறீங்களா?"

ஆபீசரம்மா ஒரு பயறு இலையைப் பறித்து அவர் முன்னால் நீட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. அது பெய்த மழை இல்லை, கொட்டிய மழை. எல்லோரும் கீழ்க் கோடியிலிருந்த தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள்.

கொட்டகையிலிருந்து பார்த்தால் முழுச் சரிவும் தெரிந்தது. மேலே, வாரிவிட்ட தரையில் துளிகள் விழுந்து மண் தெறித்தது. முதலில் நூல் நூலாக ஓடியது. அந்த நூல்கள் சேர்ந்து கயிறானது. வாரியின் பல் கீறிய கோடுகளே கால்வாயாகிவிட்டன. தண்ணீர் ஓட இவரே நேர்த்தியாகக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு தூண் மெதுவாக, யோசித்து யோசித்து, சாய்ந்தது. கம்பியோடு கொடிகளும் வேர் பெயர்ந்து சாய்ந்தன.

சீப்பு கொட்டகையை விட்டு ஓடினார்.

மேலே மூலையில் சதுரமாகக் குவித்திருந்த பச்சையில் கையை விட்டு ஒரு கட்டு அள்ளினார். அள்ளி, முதல் வரிசைத் தரையில் விசிறினார். அளவும் இல்லை, நூலும் இல்லை, கயிறும் இல்லை. விழுந்த இடத்தில் விழுந்தது. மறுபடி அள்ளினார். ஒரு நிமிஷத்தில் மனைவி பக்கத்தில் நின்றாள், வீங்கிய கன்னத்தில் மழை வழிய. மைத்துனனும் வந்துவிட்டான்.

"ஏண்டா, மண்ணு உனக்குத்தானே வருது? நீ எதுக்கு வந்தே?"

"எங்க அக்கா ஹோட்டலுக்குப் போனா எனக்கு யார் கவாத்து வெட்டுறது? நீங்களா? இலையை எண்ணிக்கிட்டு நிப்பீங்க. அள்ளுங்க அத்தான், பேச நேரமில்ல!"

அள்ளினார்கள். விசிறினார்கள். ஆபீசரம்மாவும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து சேர்ந்தார். சாய்ந்த தூணுக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். தழை விழுந்த இடத்தில் தண்ணீர் தயங்கியது. தயங்கினாலே போதும், அதன் வாயில் இருக்கிற மண்ணைத் துப்பிவிடும். அதையும் மீறி ஓடிய சேறு பத்தாவது வரிசைக்கு வந்து, அங்கே இவர் கை படாத பயறுக்குள் புகுந்து, சிக்கி, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அங்கிருந்து கீழே போன தண்ணீர் டீ வடிகட்டியில் இறங்கின மாதிரி போனது. ஆரம்பத்திலேயே ஓரமாக முந்திக்கொண்டு ஓடிய சேறு மட்டும் நேராகக் கொட்டகைக்குள் போய்த் தலைவரின் வெள்ளை ஷூவை நிரப்பியது.

மழை விட்டதும் தலைவர் காலை உதறிக்கொண்டே ஃபாரத்தின் அடியில் எழுதினார்: 'தோட்டம் சுத்தம். மழைதான் அசுத்தம்.' கேடயம் சீப்புக்கே என்றும் அறிவித்தார்.

"வேண்டாங்க," என்றார் சீப்பு. உடம்பு முழுக்கச் சேறு. காதில் ஒரு தட்டைப்பயறு இலை ஒட்டியிருந்தது. "முழு மார்க் வாங்கின இடத்துலதான் பதினோரு கொடி போச்சு. சைபர் வாங்கின இடத்துல ஒண்ணு போகல. நீங்க போடுற மார்க்குக்கு என் தோட்டம் தாங்காது."

"அப்ப கேடயத்தை யாருக்குக் குடுக்கிறது? பேரு பொறிச்சாச்சே!"

"மழைக்குக் குடுங்க. அதுதான் எல்லாரையும் விட நல்லா வாரிச்சு."

மனைவி வாயிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஒரு மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. எல்லோரும் திட்டு வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில கூடை எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் தொடங்கி பதினாறு நாள், பத்தாவது வரிசையில் தங்கிய வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து மேலே கொண்டுபோய் வேர்களை மூடினார்கள். அது இவர்கள் எல்லைக்குள்ளேயே நின்றதால் சுமக்க முடிந்தது. மைத்துனன் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்து, "இந்தத் தடவை எனக்கு ஒண்ணும் வரலியே, தபால்ல தவறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு கூடையை எடுத்தான். போன பதினோரு கொடி போனதுதான். மிச்சம் பிடித்துக்கொண்டது. அந்த வண்டல் மேல் மறுபடி விதைத்தார்கள். கயிறும் இல்லை, முழமும் இல்லை. மனைவி கையால் வீசினாள். அவர் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இப்போது ரோட்டில் போகிற ஆட்கள் நின்று, உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அன்றைக்கு ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"என்னப்பா, எப்படி இருந்த தோட்டம், இப்படிக் காடாக் கெடக்கு? உடம்பு சரியில்லையா?"

சீப்பு பயறுக்கு நடுவில் நின்றிருந்தார். முழங்கால் வரை பச்சை.

"ஆமாங்க, இருவது வருஷமா சரியில்ல," என்றார். "இப்பத்தான் கொஞ்சம் தேவலை."

பெரியவர் பாவம், ஒன்றும் புரியாமல் நல்ல டாக்டர் ஒருவரின் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.